26 புரி

புத்தூர்,
12.10.2025

அன்புள்ள பிள்ளைக்கு,

பெரியப்பா எழுதுறன். நீ வட்சப்பிலை அனுப்பின நாலு படத்தையும் பாத்தன். போனிலையே பதில் சொல்லலாம்தான். ஆனால் சொல்ல வேண்டியது கனக்கக் கிடக்கு. போனிலை சொன்னால் "ஓம் பெரியப்பா, ஓம் பெரியப்பா" எண்டுபோட்டு நீ உன்ரை பாட்டுக்குத்தான் செய்வாய். கொப்பாவும் அப்பிடித்தான். அதாலை கடதாசியிலை எழுதி, வாற கிழமை ஸ்காபரோவுக்கு வெளிக்கிடுற பெரியம்மாவின்ரை தங்கச்சியிட்டைக் குடுத்துவிடுறன். நீ லேத் பாக்கப் போறது அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை எண்டாய். அதுக்கு முதல் கைக்கு வந்திடும்.

இஞ்சை எல்லாரும் சுகம். மழை இன்னும் பிடிக்கேல்லை. கிணறுகளிலை தண்ணி இறங்கிப்போச்சு. பகல் முழுக்க இறைக்கினம், அதாலை பட்டறைக்குப் பம்பு வேலை விடாமல் வருது. இண்டைக்குக் காலமையும் நவக்கிரிப் பக்கமிருந்து ஒரு தோட்டக்காரப் பொடியன் பம்புச் சாப்ற் ஒண்டு கொண்டந்தான். நிலாவரைத் தண்ணி உனக்குத் தெரியும்தானே, மேலை நல்ல தண்ணி, ஆழம் போகப்போக உவர். அந்த வட்டாரக் கிணறுகளும் கூட இறைச்சால் உவரைத்தான் தரும். அவன்ரை சாப்ற் சீல் உரசுற இடத்திலை நல்லாய் அரிச்சுப்போட்டுது. புதுசு வேண்டக் காசில்லை எண்டான். அரிச்ச இடத்தைக் கடைஞ்சு எடுத்து, பித்தளையிலை ஒரு புஸ் கடைஞ்சு, உள்விட்டத்தைச் சாப்றை விட ஒரு தவ் சின்னனாய் விட்டு, சூடாக்கி ஏத்தினன். ஆறினாப் பிறகு ரெண்டும் ஒரே இரும்பு மாதிரி. ஒரு தவ் எண்டால் அங்குலத்திலை ஆயிரத்திலை ஒரு பங்கு. எழுபத்தொரு வயதிலையும் அந்த ஒரு தவ்வைக் கையாலை உணருறன், கண்ணாலைதான் முந்தி மாதிரிப் பாக்க ஏலாது.

இனி உன்ரை விசயம். பழைய ராலிச் சைக்கிள் ஒண்டு வேண்டினது சந்தோசம். பெடல் அச்சு ஓடுற கப் தேஞ்சுபோச்சு, 26 புரிக் கப் இப்ப கடையளுக்கு வாறேல்லை எண்டு கையை விரிச்சிட்டினம், அதாலை லேத் வேண்டி நானே கடையப் போறன் எண்டு எழுதியிருந்தாய். அதை வாசிச்சுப்போட்டு நான் கொஞ்ச நேரம் வெளியிலை போய் வேப்பமரத்தடியிலை நிண்டனான். ஏனெண்டு கொம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டா. அவவுக்கே முழுக்கத் தெரியாது.

94 ஆம் ஆண்டு அது. 90 இலை நிண்ட கரண்ட் திரும்பி வரவேயில்லை. பட்டறையிலை மோட்டரைக் கழற்றி மூலையிலை வைச்சிட்டு, மண்ணெண்ணெயிலை ஓடுற பழைய என்ஜின் ஒண்டைச் சுவருக்கு அங்காலை நிப்பாட்டி, தட்டையான பெல்ற் போட்டுத்தான் லேத்தை ஓட்டினம். எங்கடை பட்டாலா லேத்துக்குப் படிப்படியாய் வைச்ச கப்பி இருந்தது நல்லதாய்ப் போச்சு. பொருளாதாரத் தடையிலை இரும்பு வராது, பெயாரிங் வராது, சைக்கிள் சாமான் வராது. ஊர் முழுக்கச் சைக்கிளிலைதான் ஓடுது. அந்த நேரம் கொப்பாவின்ரை ராலிக்கும் இதே கப்தான் போனது.

ராலிக்காரன் நொட்டிங்காமிலை தன்ரை சைக்கிளுக்கு அங்குலத்துக்கு 26 புரி வெட்டினவன், மற்ற இங்கிலாந்துச் சைக்கிளுகளுக்கு 24. கண்ணுக்கு ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் தெரியும். 24 கப்பை வைச்சு இறுக்கினால் ரெண்டு சுத்துப் போகும், பிறகு பிடிக்கும், அதுக்குமேலை பலம் போட்டால் பிறேமின்ரை புரியே உரிஞ்சுபோகும். எங்கடை லேத்தின்ரை லீட் ஸ்குரூ அங்குலத்துக்கு 4 புரி. 26 வேணுமெண்டால் 20 பல்லுச்சில்லையும் 65 ஐயும் ஒரு சோடியாய், 30 ஐயும் 60 ஐயும் மற்றச் சோடியாய்க் கோக்க வேணும். கொப்பா அதைச் சுவரிலை கரியாலை கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சான். பழைய லொறி ஒண்டின்ரை பின் ஆக்சிலை வாளாலை அறுத்து எடுத்த துண்டுதான் இரும்பு. ரெண்டு இரவு, சிக்கன விளக்கு வெளிச்சத்திலை கடைஞ்சான். முடிச்சுக் கொண்டுபோய்ப் பூட்டினால் ஏறுதில்லை. வலப்பக்கக் கப்புக்கு இடம்புரி வேணும், இவன் பழக்கத்திலை வலம்புரி வெட்டிப்போட்டான். நான் ஒண்டும் பேசேல்லை. அவன் அந்தக் கப்பைக் கொஞ்ச நேரம் கையிலை வைச்சு உருட்டிப்போட்டு, ஆக்சில்லை மற்றத் துண்டை அறுக்கத் தொடங்கினான். ரெண்டாவதைச் சிரட்டைக் கரியிலை சிவக்க வைச்சு, பழைய என்ஜின் ஒயிலிலை தோய்ச்சு வைரமாக்கினது நான். 95 ஐப்பசியிலை புத்தூராலை வெளிக்கிட்டு நல்லூரிலை நிண்டு, 30 ஆம் திகதி இரவு இடம்பெயர்ந்து போன சனத்துக்கை நாவற்குழிப் பாலத்தாலை போகேக்கை, உனக்கு ஆறு வயது, அந்த ராலியின்ரை பாரிலை இருந்தனீ. பின்னாலை ரெண்டு மூட்டை. அந்தக் கப்தான் எல்லாத்தையும் தாங்கினது. இந்த மாதம் முப்பதோடை முப்பது வருசம்.

அதாலை ஒரு கப்புக்காக லேத் வேண்டாதை எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனால் ஒரு கப்புக்கு எண்டு நினைச்சு அவசரப்பட்டு வேண்டாதை. பழைய சைக்கிள் உடைக்கிற ஆக்களிட்டை நல்ல ராலிக் கப் எடுபடும், அதைத் தேடு. கிடைச்சால் சைக்கிளை ஓடு. லேத்தை ஆறுதலாய்ப் பழகு.

இப்ப ஏச்சு. நூறு துண்டு கார்பைட் உளிப் பெட்டி ஒண்டு மலிவாய்க் கிடந்ததெண்டு ஓடர் போட்டிட்டன் எண்டு படம் அனுப்பியிருக்கிறாய். லேத் வர முதல் உளி வந்திட்டுது! திருப்பி அனுப்ப ஏலுமெண்டால் அனுப்பு. அந்தப் பித்தளை ஒட்டுப் போட்ட மலிவுக் கார்பைட் உளியள் அனேகமாய் மழுங்கித்தான் வரும், அதைத் தீட்டச் சாதாரண சாம்பல் நிறச் சாணைக்கல்லாலை ஏலாது, பச்சைக் கல் வேணும். கார்பைட் பெரிய லேத்திலை, வேகமாய், ஆழமாய் வெட்டேக்கைதான் வடிவாய் வேலை செய்யும். சின்ன லேத்திலை மெல்ல வெட்டி, இடையிலை நிப்பாட்டி நிப்பாட்டி வெட்டினால் முனை நொருங்கும்.

நீ வேண்ட வேண்டியது ஹைஸ்பீட் ஸ்ரீல் சதுரத்துண்டு அஞ்சாறு, மேசையிலை பூட்டுற சாணை ஒண்டு. உளியை நீயே தீட்டப் பழகு. கொப்பா எப்பிடிப் பழகினவன் தெரியுமோ? நான் அவனை ஒரு மாதம் லேத்திலை கை வைக்க விடேல்லை. சன்லைட் சவர்க்காரக் கட்டியைச் சதுரமாய் வெட்டிக் குடுத்து, பிளேட்டாலை உளி முனையைச் சீவச் சொன்னனான். முன்பக்கச் சரிவு, பக்கச் சரிவு, மேல்சரிவு, மூண்டும் கைக்குப் பழகுமட்டும் சவர்க்காரம்தான். அப்பம்மா ஒரே ஏச்சு. நீயும் அப்பிடிச் செய். பேந்து சாதாரண இரும்புச் சதுரத்திலை சாணை பிடி. அதுக்குப் பிறகுதான் நல்ல துண்டு. பித்தளைக்கு மேல்சரிவே வைக்காதை, தட்டையாய் விடு. சரிவு இருந்தால் உளி தானாய் உள்ளுக்கு இழுத்துப்போடும்.

உளியின்ரை முனை நடு உயரத்திலை நிக்க வேணும். அதுக்குக் கருவி ஒண்டும் தேவையில்லை. மெல்லிய இரும்பு அடிமட்டத்தை உருளைக்கும் உளி முனைக்கும் இடையிலை மெதுவாய்ப் பிடிபட வை. அடிமட்டம் செங்குத்தாய் நிண்டால் சரி. மேல்நுனி உன்ரை பக்கம் சாய்ஞ்சால் உளி பதிவு, அங்காலை சாய்ஞ்சால் உயரம். வேகத்துக்கும் ஒரு கணக்குச் சொல்லுறன். ஒரு அங்குலச் சாதாரண இரும்பை ஹைஸ்பீட் உளியாலை வெட்ட நிமிசத்துக்கு 400 சுத்து. அரை அங்குலம் எண்டால் இரட்டிப்பு, ரெண்டங்குலம் எண்டால் பாதி. அலுமினியத்துக்கு அதை விட ரெண்டு மூண்டு மடங்கு போகலாம், மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டுத் தடவு, ஒட்டாமல் கண்ணாடி மாதிரி வரும். வார்ப்பிரும்புக்கு எண்ணெயும் வேண்டாம் தண்ணியும் வேண்டாம், மெல்லக் காய்ஞ்சபடி வெட்டு.

சரி, எந்த லேத்? நீ ரெண்டு படம் அனுப்பினாய். புதுச் சீன மினி லேத், 7 க்கு 14. மற்றது பழைய சவுத் பென்ட், 9 அங்குலம். அமெரிக்கர் 9 எண்டுறது பெட்டுக்கு மேலை சுழலக்கூடிய விட்டம், இங்கிலாந்துக் கணக்கிலை நாங்கள் அதை நாலரை எண்டுவம். குழம்பாதை.

மினி லேத் கெட்டது எண்டு சொல்லேல்லை. ரெண்டு பேர் தூக்கி மேசையிலை வைக்கலாம். ஆனால் அதைப் பெட்டியாலை எடுத்த உடனை ஓட்டினால் அது உனக்கு ஆக்கினை. முழுக்கக் கழற்றி, காப்புக் கிரீஸைத் துடைச்சு, சறுக்குற பாகம் எல்லாத்தையும் திருப்பிச் சரிபாத்துப் பூட்ட வேணும். உள்ளுக்குப் பல்லுச்சில்லு பிளாஸ்ரிக். மெல்லச் சுத்தேக்கை மோட்டருக்குப் பலம் காணாது. உன்ரை கப் மாதிரி ஒண்டரை அங்குல உருக்கிலை புரி வெட்டுறது மெல்லச் சுத்துற வேலை, அங்கைதான் அது திணறும்.

என்ரை மனம் பழைய சவுத் பென்டிலைதான். நீ அனுப்பின படத்திலை முன்னுக்குக் கியர்ப் பெட்டி தெரியுது. அது உண்மையாய் இருந்தால் 26 புரி அந்தப் பெட்டியின்ரை தகட்டிலேயே எழுதியிருக்கும், நெம்பை மாத்தினால் போதும், கொப்பா மாதிரிச் சுவரிலை கணக்குப் போடத் தேவையில்லை. ஆனால் பழசு எண்டால் எண்பது வருசத் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வேண்டுறாய். அதாலை போற அண்டைக்குக் கையிலை ஒரு ரோச், ஒரு அடிமட்டம், நான் அனுப்புற டயல் கேஜ், பழைய துணி. நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போகாதை.

முதல் பெட்டைப் பார். ஆக்கள் முக்கால்வாசி வேலையும் சக்குக்குக் கிட்டத்தான் செய்வினம், அதாலை அந்த இடம் கூடத் தேஞ்சிருக்கும், கடைசிப் பக்கம் புதுசு மாதிரி இருக்கும். உளி வண்டியைச் சக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, அதின்ரை இறுக்கு ஆணியைச் சாடையாய் இறுக்கி, கொஞ்சம் கனமாய் ஓடுற மாதிரி வைச்சுக்கொண்டு, ரெயில் ஸ்ரொக் பக்கம் தள்ளு. வர வர இறுகி நிண்டுபோச்செண்டால் தேய்மானம் நல்லாய் இருக்கு. கொஞ்சம் இறுகினால் பரவாயில்லை, எங்கடை பட்டாலாவும் அப்பிடித்தான், தேய்மானம் எங்கை எண்டு தெரிஞ்சு வேலை செய்யிறன்.

பிறகு சக்கிலை ஒரு தடிச்ச கம்பியைப் பிடிச்சு, டயல் கேஜைச் சக்குக்குக் கிட்ட வைச்சு, கம்பியை மேலை நெம்பு. முள்ளு ஒரு தவ், ஒண்டரை தவ் அசைஞ்சால் நல்லது. மூண்டு நாலு எண்டால் விலையைக் குறைக்கக் கேள், இல்லையெண்டால் விட்டிட்டு வா. குறொஸ் ஸ்லைட் பிடியிலை வெறுமனே ஓடுற இடைவெளி இருக்கும், அதுக்குப் பயப்பிடாதை, அந்த நட் மாத்தலாம். பல்லுச்சில்லுகளிலை ரோச் அடிச்சு ஒவ்வொரு பல்லாய் எண்ணு, முக்கியமாய் பின் கியரிலை. வெல்டிங்காலை நிரப்பின பல்லு இருந்தால் கேள், ஏன் உடைஞ்சதெண்டு. அந்த லேத்தின்ரை ஸ்பின்டிலுக்கு எண்ணெய் போறது கம்பளித் திரியாலை. கனகாலம் நிண்ட மிசினிலை அந்தத் திரி காய்ஞ்சு கல்லாய் இருக்கும். வீட்டை கொண்டுவந்தவுடனை ஓட்டிப் பாக்காதை. திரி மாத்தி, எண்ணெய் விட்டு, கையாலை சுத்தி, பிறகுதான் கரண்ட்.

மோட்டர்த் தகட்டையும் படம் எடு. 3 பேஸ் எண்டு இருந்தால் உன்ரை வீட்டிலை நேராய் ஓடாது. வி.எஃப்.டி. எண்டு ஒரு பெட்டி இருக்கு, ஒற்றைப் பேஸை மூண்டாக்கும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கும். இல்லையெண்டால் மோட்டரையே மாத்து. மண்ணெண்ணெய் என்ஜினிலை ஓட்டின லேத்துக்கு எந்த மோட்டரும் ஒண்டுதான்.

இன்னொண்டு, காசை முழுக்க மிசினுக்கே குடுத்திடாதை. பாதியை ஒதுக்கி வை. மூண்டு தாடைச் சக் கூட வரும், நாலு தாடைச் சக் இருக்கோ எண்டு கேள், தேஞ்ச லேத்திலையும் அது இருந்தால் அச்சொட்டாய் நடுவாக்கலாம். 9 அங்குலத்துக்கு ஏ.எக்ஸ்.ஏ. அளவு ரூல் போஸ்ற் சரி. நல்ல வேர்னியர் ஒண்டு. மைக்ரோமீற்றர் வேண்டாதை, ஏனெண்டு பின்னாலை சொல்லுறன். மில்லிமீற்றர்ப் புரியும் வெட்டப் போறன் எண்டால் 127 பல்லுச் சில்லு வேணும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர், அதை அஞ்சாலை பெருக்கினால் 127. அது இருந்தால்தான் கணக்கு மயிரிழை பிசகாமல் வரும்.

மில்லிங் மிசினும் சேத்து வேண்டட்டோ எண்டு கேட்டிருந்தாய். இப்ப வேண்டாம். ஒரு வருசம் லேத். லேத்திலேயே நிலைக்குத்துச் சறுக்கு ஒண்டு பூட்டி, சாவி வெட்டுற காடி, சின்னத் தட்டை எல்லாம் எடுக்கலாம். பேந்தும் ஆசை இருந்தால் வேண்டு, அப்ப உருண்டைத் தூண் மில்லைத் தொடாதை. தலையை ஏத்தி இறக்கின உடனை இடம் மாறிப்போடும், துளை போட்ட இடத்துக்கே திரும்பி வர முடியாது. பிரிஜ்போர்ட் நல்ல மிசின்தான், ஆனால் ஒரு தொன் வரும், உன்ரை கராச் வாசலையும் நிலத்தையும் முதல் பார். மில்லிங் கட்டரை ஒருக்காலும் ட்ரில் சக்கிலை பிடிக்காதை. ட்ரில் சக் நேர் கீழே அமத்துறதுக்குத்தான், பக்கத்திலை இழுத்தால் கழண்டு விழும், சுத்தினபடி. கொலெட்டிலை பிடி. பழைய மில்லிலை கட்டர் சுத்துற பக்கத்துக்கே மேசையைத் தள்ளி வெட்டாதை, ஸ்குரூவிலை இருக்கிற இடைவெளிக்குள்ளாலை மேசையை இழுத்துக் கட்டரை உடைக்கும். எதிர்ப்பக்கம் தள்ளு. இதுக்கு மேலை அடுத்த வருசம் எழுதுறன்.

இனி நான் சொல்லப் போறதுதான் முக்கியம் பிள்ளை. இதை எழுதத்தான் இருந்தனான், மற்றதெல்லாம் போற வழியிலை வந்தது.

கொப்பாவின்ரை வலது புருவத்திலை ஒரு தழும்பு இருந்தது. நீ சின்னனிலை தடவித் தடவிக் கேட்பாய், பனங்காய் விழுந்தது எண்டு சொல்லுவான். பனங்காய் விழேல்லை. 91 ஆம் ஆண்டு, ஒரு பின்னேரம். நான் சக்கிலை வேலையை இறுக்கிப்போட்டு, வாசலிலை ஆரோ கூப்பிட, சாவியைச் சக்கிலேயே விட்டிட்டுப் போனனான். தம்பி நான் முடிச்சிட்டன் எண்டு நினைச்சுப் பெல்ற்றை ஓடுற கப்பிக்குத் தள்ளினான். ஒரு சுத்துக் கூட வரேல்லை, சாவி பறந்து வந்து அடிச்சுது. ஒரு அங்குலம் கீழை பட்டிருந்தால் கண். மந்திகை ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளிலை வைச்சு ஏத்திக்கொண்டு போனன். அஞ்சு தையல். அவன் கொம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் பனங்காய்க் கதையைச் சொல்லி என்னைக் காப்பாத்தினான். சாகுமட்டும் வேறை சொல்லேல்லை. நானும் இவ்வளவு காலமும் ஆருக்கும் சொல்லேல்லை. அவன்ரை எட்டுச் செலவுக்குக் கூட நான் வந்து சேர ஏலேல்லை, உன்னட்டையாவது சொல்லிப்போட வேணும் எண்டு ரெண்டு வருசமாய் நினைச்சுக்கொண்டிருந்தனான்.

அண்டையிலிருந்து எங்கடை பட்டறையிலை ஒரு சட்டம். சாவியிலை கை இருக்குமட்டும் சாவி சக்கிலை இருக்கலாம். கையை எடுக்கேக்கை சாவியும் கையோடை வரவேணும். நடுவிலை ஆர் கூப்பிட்டாலும் சரி, போன் அடிச்சாலும் சரி, பிள்ளை அழுதாலும் சரி.

உன்ரை தலைமயிர் இடுப்புக்குக் கிடக்கு. பின்னி, கொண்டை போட்டு, மேலை தொப்பி. தாலிக்கொடியைக் கழற்றிப் பெட்டியிலை வைச்சிட்டுத்தான் கராச்சுக்குள்ளை இறங்கு. உன்ரை மாமி ஏதும் சொன்னால் பெரியப்பா சொன்னவர் எண்டு சொல்லு, நான் அவவோடை கதைக்கிறன். ஒன்பது பவுண் கொடி ஒண்டு லீட் ஸ்குரூவிலை சுத்தினால் அது அறாது, உன்னைத்தான் இழுக்கும். மோதிரம், காப்பு, நீட்டுக்கை எல்லாம் அதே மாதிரி. அங்கை மார்கழியிலை குளிர் எலும்புக்குள்ளை போகும், கையுறை போடச் சொல்லும். போடாதை. சுத்துற இரும்புக்குக் கிட்டக் கையுறை போட்ட கை போகக்கூடாது. ஹீற்றர் வை, கையைச் சூடாக்கு, பிறகு வேலை செய். நீட்டுச் சுருளாய் வாற இரும்புச் சீவலைக் கையாலை இழுக்காதை, கம்பிக் கொழுக்கி ஒண்டு செய்து வை. அரம் பிடிக்கிறதெண்டால் இடக்கையாலை பிடியைப் பிடி, கை சக்குக்கு மேலாலை போகக்கூடாது. கண்ணாடி கட்டாயம். கடைசி ஒண்டு, இரவு வேலை முடிஞ்சு வந்து களைப்போடை தனியக் கராச்சுக்குள்ளை இறங்காதை. நீ இறங்குவாய் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் சொல்லுறன். அப்பிடி இறங்கினால் பெட்டைத் துடை, எண்ணெய் விடு, உளி தீட்டு. சக்கைச் சுத்தாதை.

குளிர் எண்டவுடனை ஞாபகம் வந்தது. இரவு குளிர்ந்த இரும்பு, பகல் கராச் கதவைத் திறக்க ஈரக்காத்துப் பட்டால் வேர்க்கும். அண்டைக்கே துரு. கார் ரயரிலை ஒட்டி வாற றோட்டு உப்பும் சேர்ந்தால் எங்கடை கடற்காத்தை விட மோசம். காரை வெளியிலை விடு. எண்ணெய் பூசி, துணியாலை மூடு, பிளாஸ்ரிக்காலை மூடாதை, ஈரம் உள்ளுக்கை நிண்டுபோகும். 96 சித்திரையிலை நாங்கள் திரும்பி வரேக்கை பட்டறைக்குக் கூரை இல்லை. ஒரு மாரி முழுக்க லேத் மழையிலை நிண்டிருக்கு. பெட் செங்கல் நிறம். ஆனால் வெளிக்கிட முதல் நானும் கொப்பாவும் பல்லுச்சில்லு எல்லாத்துக்கும் கிரீஸ் பூசி, ரியூப் இறப்பராலை சுத்தி, தகரப் பெட்டியிலை போட்டுத் தேசிக்காய் மரத்தடியிலை தாட்டனாங்கள். தோண்டி எடுக்கேக்கை ஒண்டிலையும் துரு இல்லை. 65 பல்லுச்சில்லும் இருந்தது. இப்பவும் இருக்கு. பெட்டைப் பழைய ஒயிலும் எண்ணெய்க்கல்லும் போட்டு ஒரு மாதம் உரஞ்சினான் கொப்பா. உன்ரை பழைய லேத்திலை மேலோட்டத் துருவைக் கண்டு மனம் விடாதை எண்டுதான் சொல்லுறன். பள்ளம் விழுந்த துருவைத்தான் பாக்க வேணும்.

புரி வெட்டத் தொடங்கேக்கை முதல் அலுமினியத்திலை வெட்டிப் பழகு. 26 புரி அளவுத் தகட்டை வைச்சுப் பார். இடம்புரிக்கு ஸ்பின்டிலை மறுபக்கம் சுத்தாதை. உன்ரை லேத்திலை சக் புரியிலைதான் ஏறி நிக்குது, மறுபக்கம் சுத்தி வெட்டினால் சக்கே கழண்டு வந்திடும். லீட் ஸ்குரூவைத்தான் மறுபக்கமாக்க வேணும். சக்குக்குக் கிட்ட ஒரு காடி வெட்டி, அங்கையிருந்து தொடங்கி வெளிப்பக்கம் வா. தொடங்க முதல் ஒரு கடதாசியிலை "இடம்புரி" எண்டு எழுதி லேத்திலை ஒட்டு. கொப்பா ஒட்டேல்லை.

கொம்மாவிட்டைச் சொல்லு, பெரியம்மா மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் குடுத்துவிடுறா. அதுக்குள்ளை பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒண்டு இருக்கும், துணியாலை சுத்தியிருக்கும். அது கொப்பாவின்ரை மைக்ரோமீற்றர், ஷெஃபீல்டிலை செய்த மூர் அன்ட் றைற். வெளிக்கிடேக்கை என்னட்டை விட்டிட்டுப் போனவன். பூட்டினபடி வைக்காதை, வாய் சாடையாய்த் திறந்திருக்க வேணும். எடுத்தவுடனை பூச்சியத்தைப் பார். இஞ்சத்தை வெக்கையிலை சரியாய்த்தான் இருந்தது, அங்கத்தைக் குளிரிலை ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள்ளை வைச்சிட்டுப் பார். டயல் கேஜ் என்ரை. அவவின்ரை பெரிய பெட்டியிலை போடச் சொல்லியிருக்கிறன், கைப்பெட்டியிலை கொண்டுவந்தால் எயார்போட்டிலை மறிச்சுப்போடுவாங்கள்.

லேத் பாக்கப் போற அண்டைக்கு எனக்குப் படம் மட்டும் காணாது. பெல்ற்றைக் கழற்றிவிடச் சொல்லி, சக்கைக் கையாலை மெல்லச் சுத்திச் சத்தத்தைப் பதிஞ்சு அனுப்பு. பின் கியர் போட்டு ஒருக்கால், போடாமல் ஒருக்கால். அங்கை சனிக்கிழமை காலமை எண்டால் இஞ்சை இரவு. நான் நித்திரை கொள்ளாமல் இருப்பன். கேட்டுப்போட்டுச் சொல்லுமட்டும் காசை எடுத்துக் குடுக்காதை.

அன்புடன்,
பெரியப்பா